அணிலைப் பிடித்தவர் கவனத்துக்கு

பத்மநாதன் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். அணிலைப் பிடித்தது பிழையில்லை. பிடித்த பிறகு கவுன்சிலுக்கு டெலிபோன் எடுத்து, இனி என்ன செய்யலாம் என்று கேட்டானே, அதுதான் பிழை.

லண்டனில் அணில் பிடித்தவன் அவன் ஒருவன்தானா? எத்தனையோ பேர் பிடித்தார்கள், காரில் ஏற்றிப்போய் ஏதோ ஒரு பூங்காவில் திறந்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனால் பத்மநாதன் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் வேலை பார்த்தவன். மேலிடத்திலிருந்து சுற்றுநிருபம் வராமல் மின்விசிறியின் வேகத்தைக்கூடக் கூட்டாத கந்தோர் அது. இங்கே வந்து, மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பெட்டி எண்ணுகிற வேலை செய்தும் அந்தப் பழக்கம் அவனை விட்டுப் போகவில்லை. எதற்கும் ஒரு விதி இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நடந்தால் ஒருவரும் நம்மைத் தொடமுடியாது என்று உண்மையாகவே நம்பினான். பாவம்.

தொண்ணூற்றோராம் ஆண்டு, பங்குனி பிறந்து குளிர் சற்று விட்டிருந்த நேரம். வெம்பிளியில் வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழைய வீடு. கூரைக்குக் கீழே லொஃப்ட் என்று ஒரு இருட்டறை. ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். அதற்குள்ளே தை மாதத்திலிருந்து சத்தம். முதலில் எலி என்று நினைத்தார்கள். பிறகு ஒருநாள் பத்மநாதன் தோட்டத்தில் நின்று பார்த்தபோது, கூரையோரம் உக்கிப்போன பலகைக்குள்ளே பெரிய சாம்பல் வால் ஒன்று நுழைந்து மறைந்தது. அணில்தான். ஊரில் பார்த்த, முதுகில் மூன்று கோடு போட்ட சின்ன அணில் இல்லை. பூனைக்குட்டியளவு உடம்பும், யாரைக் கண்டாலும் வாடகை கொடுத்திருப்பதுபோல ஒரு பார்வையும்.

எலெக்ட்ரீஷியன் வந்து லொஃப்டில் ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கும்போதே தலையை ஆட்டினான். வயரின் உறையை அணில் அரித்திருக்கிறது, செம்பு தெரிகிறது, மேல்மாடி லைட்டைப் போடவேண்டாம், வீடு பற்றிக்கொள்ளும் என்றான். மேல்மாடிப் பியூஸைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, முதலில் அணிலை வெளியேற்றுங்கள், பிறகுதான் வயர் மாற்றலாம் என்று சொல்லிப் போய்விட்டான். அன்றிலிருந்து படுக்கை கீழே, முன்னறையில்.

கலாவதிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. முதல் தடவை கொழும்பில், சண்டைக்கு நடுவே. இரண்டாவது இங்கே, ஈஸ்ட் ஹாமில் ஒற்றை அறையில் இருந்தபோது. அந்த அறையில் சுண்டெலித் தொல்லை. பத்மநாதன் கடையில் பொறி வாங்கி வைத்தான். சுண்டெலி ஒன்று நசுங்கிச் செத்தது. அடுத்த கிழமை கலாவதி ஆஸ்பத்திரியில். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பத்மநாதனுக்குத் தெரியும். டொக்டரிடம் கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார். ஆனால் பிள்ளைத்தாச்சியின் புருஷன் ஒரு உயிரையும் கொல்லக்கூடாது என்று ஊரில் சொல்வது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். செத்த மீனை வாங்கலாம், அதைக் கொன்றவன் வேறு ஆள். சாவீட்டுக்குப் போகாமல் சாட்டுச் சொல்லலாம். தன் கையால் மட்டும் கொல்லக்கூடாது. சுண்டெலியைப் பற்றிக் கலாவதி ஒரு சொல் சொன்னதில்லை. அவனும் வாய் திறந்ததில்லை.

ஆகவே இந்த முறை கொல்லாமல் பிடிக்கும் கூடு தேடினான். மோர்டனில் இருந்த சபாரத்தினம் அண்ணையிடம் ஒன்று இருந்தது. கம்பி வலைக்கூடு, உள்ளே வேர்க்கடலையைத் தின்னப் போய்த் தட்டை மிதித்தால் கதவு விழும்.

“கச்சானைத் தட்டிலை வையும், தம்பி. விடியக் காத்தாலை உள்ளுக்கை இருப்பார்,” என்று சொல்லிக் கொடுத்தார் சபாரத்தினம். அவ்வளவுதான் சொன்னார். பிடித்த பிறகு ஒருவரிடமும் ஒன்றும் கேட்கக்கூடாது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

திங்கட்கிழமை காலையில், லொஃப்டில் வைத்த கூட்டுக்குள்ளே அணில் இருந்தது. பத்மநாதனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூட்டைப் பத்திரமாக இறக்கித் தோட்டத்துச் சிறு கொட்டிலடியில் வைத்தான். அணில் கம்பியைக் கடித்துப் பார்த்தது, சுற்றிச் சுற்றி ஓடியது, அவனை நேராகப் பார்த்துத் திட்டியது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தலைவாரி, சட்டையும் மாற்றிக்கொண்டு டெலிபோனுக்கு முன்னால் உட்கார்ந்தான். அதிகாரிகளோடு பேசும்போது நல்ல சட்டை போடுவான். அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் குரலில் தெரியும் என்பது அவனுடைய கணக்கு.

மறுமுனையில் ஒரு பெண். கேட்குமுன்பே பெயரைச் சொன்னான், விலாசத்தைச் சொன்னான், போஸ்ட்கோடைச் சொன்னான், பத்மநாதன் என்பதை எழுத்தெழுத்தாக உச்சரித்தும் காட்டினான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

“நான் ஒரு சாம்பல் அணிலைப் பிடித்திருக்கிறேன். காயம் எதுவும் இல்லை. அதை விடுவதற்கு எந்தப் பூங்காவில் அனுமதி உண்டு என்று தயவுசெய்து சொல்லமுடியுமா?”

“எந்தப் பூங்காவிலும் இல்லை,” என்றாள் அவள்.

“அப்படியானால் காட்டில்?”

“எங்கேயும் விடமுடியாது, சார். எண்பத்தோராம் ஆண்டுச் சட்டம். பிடித்த சாம்பல் அணிலை வெளியே விடுவது குற்றம். தப்பவிடுவதும் குற்றம்.”

பத்மநாதன் பேனாவை எடுத்தான். “அப்படியானால் நான் வைத்திருக்க வேண்டுமா?”

“வைத்திருப்பதும் குற்றம். லைசென்ஸ் வேண்டும். வீட்டுக்காரர்களுக்குக் கொடுப்பதில்லை.”

“பிடித்தது குற்றமா?”

“இல்லை, இல்லை. பிடிக்கலாம்,” என்றாள் அந்தப் பெண், அவனைத் தேற்றுகிறவள் போல. “பிடித்தால் கொல்லவேண்டும், அவ்வளவுதான்.”

அதன்பிறகு அவள் முறையைச் சொன்னாள், கேக் செய்முறை சொல்வது மாதிரி. தண்ணீரில் அமிழ்த்தக்கூடாது, அது கொடுமை. விஷம் கூடாது. ஒரு சாக்கைக் கூட்டின் வாயில் பிடித்து அணிலை உள்ளே விரட்டி, ஒரு மூலைக்கு ஒதுக்கி, தலையில் ஒரே ஒரு அடி. நன்றாக அடிக்கவேண்டும், சார். உங்களால் முடியாவிட்டால் எங்கள் ஆள் வருவார்; நாளை மத்தியானத்துக்கும் ஐந்து மணிக்கும் இடையில். அதுவரைக்கும் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கவேண்டும், மழை படாமல் வைக்கவேண்டும்.

“கொடுக்காவிட்டால்?”

“அதுவும் குற்றம், சார்.”

டெலிபோனை வைத்துவிட்டு எழுதியதைப் பார்த்தான். விட்டால் குற்றம். வைத்திருந்தால் குற்றம். பட்டினி போட்டால் குற்றம். கொன்றால் மட்டும் குற்றமில்லை. கச்சேரியில் எத்தனை கோணல் சுற்றுநிருபங்களை வாசித்திருப்பான்! இப்படி நாலு பக்கமும் கதவடைத்த ஒன்றை அவன் கண்டதில்லை. கூட்டுக்குள்ளே இருப்பது அணிலா, தானா என்று அவனுக்கு விளங்கவில்லை.

சாதாரண ஆள் என்றால் இந்த இடத்தில் “போங்கள் நீங்களும் உங்கள் சட்டமும்” என்று கூட்டைத் தூக்கிக் காரில் வைத்திருப்பான். பத்மநாதனால் முடியாது. நாட்டில் தங்கும் அனுமதியை நீடிக்கச் சொல்லி அனுப்பிய பாஸ்போர்ட்டுகள் இன்னும் திரும்பி வரவில்லை. அவை வரும்வரை ஒரு சின்னப் பொலிஸ் கேஸும் வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அவர் திருட்டையும் அடிதடியையும் மனதில் வைத்துச் சொன்னார். பத்மநாதன் மனதில் இப்போது நீதிமன்றமும், கூண்டில் தானும், சாட்சியாக அந்த அணிலும் வந்து நின்றன. பெயரையும் விலாசத்தையும் எழுத்தெழுத்தாகக் கொடுத்தாயிற்று. தான் பிடித்ததைத் தானே அறிவித்தாயிற்று. தன் வாயை நினைக்க அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கலாவதி குசினி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னவாம்?”

“விட ஏலாதாம். நாளைக்கு ஆள் வருவானாம்.”

“ஆள் வந்து?”

பத்மநாதன் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“கொல்லப் போறானோ?” என்று கேட்டாள். “எங்கட வீட்டிலை வைச்சோ?”

“நானோ கொல்லப் போறன்? அவன் கவுன்சில் ஆள். அவனுக்கு அது வேலை.”

“பிடிச்சது நீங்கள். கூப்பிட்டது நீங்கள்.”

“கலா, சும்மா விசர்க்கதை கதையாதையும். இது சட்டம்.”

அவள் ஒரு ஆப்பிளை நாலாக வெட்டி, தயிர்க் கோப்பை ஒன்றில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். “சட்டத்திலை சாப்பாடு குடுக்கச் சொல்லியிருக்குத்தானே,” என்று போகிற போக்கில் சொன்னாள்.

மத்தியானம் சபாரத்தினத்துக்கு டெலிபோன் எடுத்தான். ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தான். கிடைத்தது வேறு.

“உமக்கு மூளை கீளை இருக்கோ?” என்று கத்தினார் சபாரத்தினம். “நான் அந்தக் கூட்டாலை மூண்டு பிடிச்சனான். மூண்டையும் ஆத்தங்கரையிலை கொண்டுபோய் விட்டனான். ஆரிட்டையும் கேட்டனானோ?”

“அண்ணை, அது குற்றமாம்.”

“குற்றமெண்டு ஆருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, அணிலுக்குத் தெரியாது. நீர்தான் பெரிய பரிபாலகர் மாதிரி ஊரைக் கூட்டினீர். சரி, இப்ப போய்த் திறந்துவிட்டிட்டு, தப்பிப் போட்டுதெண்டு சொல்லும்.”

“தப்பவிட்டாலும் குற்றமாம், அண்ணை.”

“எண்டால் சாக்காட்டிப் போட்டன் எண்டு சொல்லும்,” என்றார் சபாரத்தினம்.

“கலாவுக்கு அஞ்சு மாசம், அண்ணை.”

“என்ரை கூட்டை மட்டும் பழுதாக்காமல் திருப்பித் தாரும்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பொழுதுபடுகிற நேரத்தில்தான் அடுத்த சங்கதி தொடங்கியது. முன்னறையில் உட்கார்ந்திருந்த கலாவதி திடீரென்று டீவியை நிறுத்தினாள். மேலே, இரண்டு தளத்துக்கும் அப்பால், ஊசி போல ஒரு சத்தம். கீச், கீச். விட்டுவிட்டு, மறுபடி. ஒன்றில்லை, பல.

“குட்டியள்,” என்றாள்.

“குழாயிலை காத்து,” என்றான் பத்மநாதன்.

“சாப்பாடு வைக்கேக்கை பாத்தனான். பால் குடுக்கிற உடம்பு அது. சொன்னால் கேக்க மாட்டியள் எண்டு சொல்லேல்லை.”

அவன் ஏணியை வைத்து, டோர்ச்சோடு ஏறினான். குளிருக்கு விரித்திருந்த பஞ்சைப் பிய்த்துக் கட்டிய கூட்டுக்குள்ளே, கண் சரியாகத் திறக்காத நாலோ ஐந்தோ குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று நெளிந்தன. வெளிச்சம் பட்டதும் எல்லாம் வாயைத் திறந்தன. பத்மநாதனுக்குக் கோபம் வந்தது. அணில்மேல், சட்டத்தின்மேல், கச்சான்மேல், தன்மேல். இதையெல்லாம் பிடிக்குமுன்பே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கம்பிக்கூட்டை எந்த இடத்தில் வைப்பது என்று அளந்து பார்த்தவன், உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

இறங்கி வந்தபோது கலாவதி ஏணிக்குக் கீழே நின்றாள்.

“எத்தினை?”

“தெரியேல்லை. இருக்கு.”

“விடிஞ்சாலும் இருக்குமோ?”

“எனக்கென்ன தெரியும்? நானென்ன அணில் டொக்டரே?” என்று சீறினான். சீறிய கையோடு வெட்கமாகவும் இருந்தது. அவள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். கீச்சுச் சத்தம் நிற்கவில்லை. வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சத்தம் தேய்ந்திருந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. கலாவதி ஒன்றும் சாப்பிடவில்லை. “வயிறு இறுகிற மாதிரிக் கிடக்கு,” என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று பத்மநாதன் கேட்டான். வேண்டாம், இது அந்த மாதிரியில்லை என்றாள். எந்த மாதிரி என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மறுபடியும் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கவுன்சிலுக்கு டெலிபோன் எடுத்தான். விதிக்கு விலக்கு என்று ஒன்று இல்லாமல் போகாது. கச்சேரியில் எந்த விதிக்கும் அடியில் சின்ன எழுத்தில் ஒரு விலக்கு இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதில் அவன் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன்.

“ஒருவேளை அந்த அணிலுக்குக் குட்டிகள் இருக்குமானால்,” என்று தொடங்கினான், “தாயை மட்டும் திரும்ப விடுவதற்கு ஏதாவது விசேட அனுமதி…”

கேட்டுச் சொல்கிறேன் என்று அவனைக் காக்கவைத்தாள் அதே பெண். டெலிபோனுக்குள்ளே பியானோ வாசித்தார்கள். டெலிபோன் இருந்தது படிக்கட்டடியில். அங்கிருந்து பார்த்தால் குசினிக் கண்ணாடிக் கதவு வழியாகத் தோட்டம் தெரியும். கலாவதி ஒரு கையை இடுப்பில் ஊன்றி, ஈரப்புல்லில் மெல்ல நடந்துபோவது தெரிந்தது. சாப்பாடு கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தான். கையில் கோப்பை இல்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

பியானோ நின்றது. “விலக்கு எதுவும் இல்லை, சார். குட்டிகள் இருந்தால் எங்கள் ஆளிடம் சொல்லுங்கள். அவர் அவற்றையும் சேர்த்துக் கவனித்துவிடுவார்.”

“கவனித்து என்றால்?”

“அதேதான், சார்.”

கண்ணாடிக்கு அப்பால் கலாவதி குனிந்தாள். ஐந்து மாத வயிற்றோடு குனிவது லேசில்லை. கொட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தாள். கூட்டின் கதவை மேலே தூக்கிப் பிடித்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு புல்லைக் கடந்து, தண்ணீர்க் குழாயில் ஏறி, கூரையோரம் மறைந்தது. பத்மநாதன் டெலிபோனை அப்படியே தொங்கவிட்டு ஓடினான்.

“என்ன வேலை பாத்தனீர்?” என்று கத்தினான். “குற்றமெண்டு எத்தினை தரம் சொன்னனான்! எல்லாம் பதிஞ்சு வைச்சிருக்கிறாங்கள்! பேர் இருக்கு, விலாசம் இருக்கு, பாஸ்போட் அவங்கட கையிலை இருக்கு!”

கலாவதி மூச்சு வாங்கினாள். “கேட்டால் நான்தான் திறந்தனான் எண்டு சொல்லுங்கோ.”

“உம்மை நாட்டை விட்டு அனுப்பிப்போட்டு என்னை மட்டும் வைச்சிருப்பாங்களோ? இரண்டு பேரும்தான் போகவேணும்!”

“எண்டால் போவம்,” என்றாள். குரல் உயரவில்லை. “குட்டியள் பசியிலை கத்திக் கத்திச் செத்துப்போன வீட்டிலை நான் பிள்ளை பெற மாட்டன். அப்பிடியொரு வீடு இஞ்சை எண்டாலும் வேண்டாம், ஊரிலை எண்டாலும் வேண்டாம். இரண்டைக் குடுத்தாச்சு. உங்களுக்கு விளங்குதோ, இல்லையோ?”

அவனுக்கு விளங்கியது. அவளுடைய செருப்பு ஈரத்தில் ஊறியிருந்தது. உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, காலைத் துடைத்துவிட்டான். டெலிபோன் கம்பியில் தொங்கிக்கொண்டு “ஹலோ, ஹலோ” என்றது. எடுத்து, “மிக்க நன்றி, அம்மணி,” என்று சொல்லி வைத்தான். மரியாதை தவறுகிற ஆளில்லை.

“குட்டியள் வளந்து தானாய் வெளிக்கிட்ட பிறகு ஓட்டையை அடையுங்கோ,” என்றாள் கலாவதி. “அதுமட்டும் நாங்கள் கீழையே இருப்பம்.”

“சரி. இப்ப வாறவனுக்கு என்ன சொல்லுறது?”

கலாவதி ஈரச் செருப்பை எடுத்துக் கதவடியில் வைத்தாள்.

வந்தவன் பெயர் டெரெக். பச்சை ஜாக்கெட், சகதி ஒட்டிய சப்பாத்து, கையில் ஒரு சாக்கும் ஒரு குட்டைத் தடியும். மரியாதையான ஆள், சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றான் பத்மநாதன். கலாவதி குசினி நிலையில் சாய்ந்து நின்றாள். ஆங்கிலம் பேசக் கூச்சப்படுவாளே தவிர, கேட்டால் எல்லாம் விளங்கும்.

“அணில் எங்கே?” என்று கேட்டான் டெரெக்.

இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் பத்மநாதன் எந்த அதிகாரியிடமும் பொய் சொன்னதில்லை. ஒன்றைக் கேட்டால் மூன்றைச் சொல்வான். இப்போது சொல்வதற்கு மூன்று பதில்கள் அவனுக்கு முன்னால் நின்றன. விட்டேன் என்றால் குற்றம். தப்பிவிட்டது என்றால் குற்றம். சட்டம் ஒத்துக்கொள்ளக்கூடிய பதில் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அந்த வீட்டில், அவள் காதுபடச் சொல்லவேண்டும்.

“நான் கொன்றுவிட்டேன்,” என்றான்.

“ஓ,” என்றான் டெரெக். சாக்கைத் தோளில் போட்டான். “எப்படி?”

“சாக்கில் விட்டு… ஒரு மூலைக்கு ஒதுக்கி… தலையில்.” கலாவதியின் பக்கம் திரும்பாமல் சொன்னான். “ஒரே அடி.”

“நல்ல காரியம். நிறையப் பேருக்கு மனம் வராது. கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவார்கள். உடல்?”

“குப்பைத் தொட்டியில் போட்டேன். காலையில் வண்டி வந்து கொண்டுபோய்விட்டது.” செவ்வாய்க்கிழமைதான் குப்பை வண்டி வருகிற நாள். இவ்வளவு லேசாகப் பொய் வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

டெரெக் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தான். “குட்டிகளைப் பற்றி ஏதோ கேட்டீர்களாமே?”

மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். முதல்நாள் மாலையிலிருந்து கீச்சிட்டுக்கொண்டிருந்த கூரையில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. தாய் போய்ச் சேர்ந்திருக்கிறது. குடிக்கிற வாய்கள் கத்தாது. பத்மநாதன் நிலத்தைப் பார்த்தான்.

“பொதுவாகக் கேட்டேன்,” என்றான். “அறிந்துகொள்ள. குட்டிகள் ஒன்றும் இல்லை. நானே ஏறிப் பார்த்தேன்.”

டெரெக் இன்னும் சற்று நேரம் காதைக் கொடுத்து நின்றான். பிறகு ஏதோ எழுதினான்; எழுதியதை வாசித்தும் காட்டினான். வீட்டுக்காரரே கொன்றுவிட்டார், குட்டிகள் இல்லை. கூரை ஓட்டையைக் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள் என்றான். கலாவதியின் வயிற்றைக் கண்டதும் தொப்பியைத் தொட்டு, “வாழ்த்துகள், மேடம்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்மநாதன் கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்து நின்றான். பிழைத்தோம் என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் எதைச் செய்யக்கூடாது என்று இரண்டு நாளாகத் தவித்தானோ, அதைச் செய்தேன் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். சாக்கு, மூலை, அடி என்று ஒவ்வொன்றாக, பாடம் ஒப்புவிப்பதுபோல. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் வயிற்றில் இருப்பதற்கும் இப்போது காது வந்திருக்குமோ என்னவோ.

“நான் கொல்லேல்லைத்தானே, கலா,” என்றான். குரல் கெஞ்சுவதுபோல வந்தது. “சும்மா வாயாலை சொன்னனான். வேறை என்னத்தைச் சொல்லுறது, சொல்லும் பாப்பம்?”

“தெரியும்,” என்றாள் கலாவதி.

அவள் குசினிக்குள் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு திரும்பிவந்து அவன் கையில் கொடுத்தாள்.

“வாயைக் கொப்பளியுங்கோ.”

“என்னத்துக்கு?”

“கொப்பளியுங்கோ எண்டால் கொப்பளியுங்கோ.”

இதற்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது, யார் போட்ட விதி என்று அவன் கேட்கவில்லை. தொட்டியடிக்குப் போய்க் குனிந்து, வாய் நிறையத் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்துத் துப்பினான். மறுபடி கொப்பளித்தான். பக்கத்தில் நின்று அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள் கலாவதி.

“காணுமோ?” என்று கேட்டான், வாயைத் துடைத்தபடி.

அவள் செம்பை எட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது.

“இன்னொருக்கா,” என்றாள்.